பல்லுப் பிடுங்கின வைரஸ்

பனச்சமூட்டிலிருந்து போன பஸ்ஸில், பாலராமபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போற ஒரு மாமியும் வரப்போற மருமகளும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"வைரசைத் தொட்ட கைய நல்லா கழுவினியா மக்கா?"

"கழுவினேன் மாமி. எங்க லேப்புல உள்ள வைரஸ் நோய் தராது. நோய் தாறதை வெட்டி எடுத்துட்டு, தடுப்பூசிக்க சேதிய உள்ள வைப்போம்."

"பல்லுப் பிடுங்கின பாம்பாக்கும்?"

"அதேதான். உடம்புல காவல் நிக்கிற அணுக்கள் உண்டு. அதுகிட்ட மட்டும் போய்ச் சேதி சொல்லுக மாதிரி வைரசை மாத்துகோம். பொறவு காவலுக்கு எதிரிய அடையாளம் தெரியும்."

"வழி தப்பி வேற வீட்டுக்குள்ள கேறாதா?"

"கேறாம இருக்கத்தான் இந்தப் பாடு படுகோம்."

மாமி அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல உங்க கல்யாண ஓலைய மூணாவது தடவை வாசிப்பாவ. இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டான்னு கேக்கும்போ, வைரசுக்குப் பயந்து நானே தடை சொல்ல எழும்பலாம்னு நினைச்சிருந்தேன்."

அந்தப் பெண் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"இப்பமோ மாமி?"

"இப்பமும் எழும்புவேன். பாம்புக்குப் பல்லுப் பிடுங்குகவ எங்க வீட்டுக்கு வாறான்னு சபைக்குத் தெரியண்டாமா?"