ரெண்டு பாட்டில், ஒரு கால்

இல்ல டீச்சர், பாதி ரிப்போர்ட்தான் வந்திருக்கு. மீதியப் பத்திச் சொல்லத்தான் லேப்லருந்து நானே இறங்கி வந்தேன். உக்காருங்க, கால நீட்டிக்கங்க. என்ன அங்க ஊமைக்கோட்டான்னுதான் கூப்பிடுவாங்க. இன்னைக்கு என்னவோ வாய் ஓயல.

போன வாரம் டாக்டரம்மா உங்க கால்ல இருந்த செவப்புப் புள்ளியிலருந்து மிளகு அளவுக்கு ரெண்டு துண்டு எடுத்தாங்கல்ல? முதல் துண்டுக்குச் சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல பாத்தோம். சின்னச் சின்ன ரத்தக்குழாய், சுவரெல்லாம் வீங்கி, சுத்தி வெள்ளணுவா மொய்க்குது. இன்டர்வெல் மணி அடிச்சதும் உங்க கிளாஸ் வாசல் இருக்குமே, அப்படி. அதனால கொசுக்கடி இல்ல, ரத்தக்குழாய் அழற்சிதான். உங்க வீட்டுல சார் வாங்கின கொசுவலை வீண்தான், சொல்லிடுங்க.

ஏன் வந்துச்சுங்கறதுக்குத்தான் ரெண்டாவது துண்டு. ஒளிர்ற சாயம் போட்டு இருட்டு ரூம்ல பாப்போம். குழாய்ல என்ன எதிர்ப்புப் பொருள் ஒட்டியிருக்கோ அது பச்சையா மின்னும். அதுல ஒரு வகைன்னா கிட்னியையும் விடாம கவனிக்கணும். அதத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்.

ஒண்ணுமே மின்னல டீச்சர். ஐயோ, சந்தோஷப்படாதீங்க, அங்கதான் சிக்கல். முதல் துண்டு அழுகாம இருக்கப் போடற மருந்துத் தண்ணி பார்மலின், இந்தத் துண்டு அதுல விழக்கூடாது. விழுந்தா உருவம் கெடாது, ஆனா வாயத் திறக்காது. அதுக்குன்னு தனித் திரவம், தனி பாட்டில், நீல மூடி. பார்மலினுக்கு வெள்ளை மூடி. எல்கேஜி பிள்ளைகூட மாத்தாது. உங்க ரெண்டு துண்டும் வெள்ளை மூடிக்குள்ள ஜோடியா படுத்திருந்துச்சு.

டாக்டரம்மாவத் திட்டாதீங்க, அவங்க வெட்டினதோட சரி. நர்ஸ் அக்காவும் இல்ல, பாவம், அவங்க அன்னைக்கு லீவு.

புதுப்புள்ளி ஏதாவது வந்திருக்கா? இன்னைக்குக் காலையிலயா? கணுக்கால்லயா, காட்டுங்க. அட, நல்ல செவப்பு. இதுதான் வேணும். ரெண்டு நாள் போனா இதுவும் பேசாது. மறுபடியும் ஒரே ஒரு துண்டு, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பாங்க. முறைக்காதீங்க டீச்சர், எனக்குக் கணக்கு பீரியட் ஞாபகம் வருது.

எழுந்திரிங்க, டாக்டரம்மா உள்ள தயாரா இருக்காங்க. நர்ஸ் அக்கா வந்துட்டாங்க, பாட்டில அவங்களே பிடிச்சுப்பாங்களாம். நான் இந்தத் தடவ பாட்டில் பக்கமே வரக்கூடாதாம். உங்க கையப் பிடிச்சுக்க வரலாமான்னு கேட்டேன், அதுக்குச் சரின்னுட்டாங்க.