சார்பாகாத சம்மன்

என் தம்பி எழிலரசனுக்குக் கருவாட்டுக் குழம்பென்றால் உயிர். முந்தின நாள் வைத்ததைச் சூடு பண்ணி ஊற்றினால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்பான். எனக்கும் அவனுக்கும் பகை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் இன்ஸ்பெக்டர் சார். பகையெல்லாம் இல்லை. வழக்குதான் இருந்தது.

சிங்கவரத்தில் நைனா விட்டுப்போன, மல்லாட்டை விளையும் நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு. தம்பி தரவில்லை. செஞ்சி கோர்ட்டில் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டேன். சம்மன் கொடுக்கக் கோர்ட் அமீனா போகும்போதெல்லாம் அவன் மனைவி வளர்மதி வாசலில் நின்று, "அவரு ஊர்ல இல்லீங்க" என்பாள். அமீனாவின் பைக் தெரு திரும்பியதும் இவன் பின்கட்டிலிருந்து வந்து சாப்பிட உட்காருவான்.

பிரதிவாதிக்கு உரிய காலத்தில் சம்மன் சார்பாகவில்லை, அதாவது கையில் சேரவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அன்று தம்பி கோர்ட் எதிரே டீக்கடையில் நின்றிருந்தான்.

"இன்னாக்கா, கேஸு முடிஞ்சிட்சா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

திரும்பவும் போட்டேன். வக்கீல் அனுஷா நல்ல பெண். "கதவுல ஒட்டறதுக்கு மனு போடலாம்மா, அதுவே செல்லும்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவன் கையில் வாங்க வேண்டும். அது ஒன்றும் பெரிய ஆசை இல்லையே சார்.

அமீனா வரும் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டேன். அவரை நேராக என் வீட்டுக்கே வரச்சொன்னேன். தம்பிக்குப் போன் போட்டு, "கேஸ வாபஸ் வாங்கிட்டேன்டா, சாப்ட வா" என்றேன். மத்தியானம் வந்தான். வயிறு நிறையப் போட்டேன். கை கழுவக் குனிந்தபோது கடப்பாறையால் முழங்காலில் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. இன்னொரு காலையும் அடிக்கவேண்டி வந்தது. ஒன்றை விட்டுவைத்தால் நொண்டிக்கொண்டாவது போய்விடுவான்.

"அக்கா, வுட்றுக்கா. நிலத்த எழுதித் தந்துடறேங்கா. முழுசா எடுத்துக்கோ."

"எழுதில்லாம் தர வேணாம்டா. அமீனா வர்ற வரைக்கும் இரு, போதும்" என்றேன்.

அவன் கேட்கவில்லை. கத்தினான். தெருவில் ஆட்கள் போகிற நேரம். அதனால் தலையில் ஒரு தடவை தட்டினேன். பிறகு அமைதியாகிவிட்டான். காலில் என் பழைய புடவையைச் சுற்றி, தலையணை வைத்துப் படுக்கவைத்தேன். ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தது.

அமீனா முருகையன் சொன்னபடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? ஆளு செத்துட்டாரும்மா."

"தூங்குறான். நீங்க குடுங்க" என்றேன்.

அவர் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். சம்மனை நானே எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினேன். கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் வாங்கிக்கொண்டான்.

ஆமாம் சார், நான்தான் அடித்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் இறந்தவருக்குக் கொடுத்தது செல்லாதாம், வாரிசை வழக்கில் சேர்க்க வேண்டுமாம். வளர்மதி இப்போது தளவானூரில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்கிறார்கள். அவளும் வீடு தங்குகிறவள் இல்லை, பாவம். நான்தான் போய் உட்காரவைக்க வேண்டும்.