கொட்டாஞ்சேனைச் சுவருக்கு ஒரு காது

வெள்ளவத்தையில் பஸ் நின்றபோது, முன் சீட்டு ஓவியர் மடியிலிருந்த பென்சில் படத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்: "சாவுக்கு இன்னும் முகம் கிடைக்கேல்ல, அக்கா."

பின் சீட்டிலிருந்த நான் சட்டென்று கையிலிருந்த நியூஸ் பேப்பருக்குள் முகத்தை ஒளித்தேன்.

"கடலில போய்த் திரும்பாத ஆக்களைக் கீற மாட்டீங்களோ?" அந்தப் பெண் கேட்டார்.

"கீறினால், ஆற்ற முகம் எண்டு குடும்பங்கள் சண்டைக்கு வருமாம். கொட்டாஞ்சேனைச் சுவரில கடல், சாவு, காத்திருப்பு எண்டு மூண்டு உருவம்தான்."

"அப்ப காத்திருப்புக்கு என்ர மனிசன்ர காதையாவது வையுங்கோ. அது அவற்ற காது எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"எப்பிடிக் காது?"

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "இந்தா, பேப்பருக்கு வெளிய நிக்குதே, அச்சொட்டா இதுதான்."

ஓவியர் பென்சிலை எடுத்தார். கொள்ளுப்பிட்டியில் இறங்க வேண்டிய நான், கொட்டாஞ்சேனை வரை தலையை அசைக்கவில்லை.