வெறுங்கைச் சண்டைக்கான விதிகள்

மாமாவுக்குப் பகடை உருட்டவே வராது. எவ்வளவு மெதுவாக உருட்டினாலும் மேஜைக்கு அடியில்தான் போய் விழும். அவரே குனிந்து தேடுவார், நாங்கள் சிரிப்போம். மாமா என்றால் என் அக்காவின் கணவர். நீங்கள் இப்போது பேச்சுப் பயிற்சி கொடுக்கிறீர்களே, அவர்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. முன்பெல்லாம் வாய் ஓயாது.

நேற்று நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டதற்கு மழுப்பிவிட்டேன். அதனால்தான் இன்று நானாகவே வந்தேன்.

நான் ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மாயாலோக வீரனாகி, கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடுவது. மாமாவின் வீரன் ஆயுதம் தொடாத துறவி. வாளுக்கும் மந்திரத்துக்கும் நான் எழுதிய விதிகளை எல்லோரும் மெச்சினார்கள். வெறுங்கைச் சண்டைதான் சொதப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துறவி ஓர் அரக்கனின் கழுத்தைப் பிடித்தான். மாமா திரும்பத் திரும்பப் பகடை உருட்டியும் அரக்கன் அசையவில்லை. எங்களோடு ஆடும் தையல்காரர் கேட்டார்: "கழுத்த நெரிக்கிறானா, இல்ல சட்டைக்கு அளவெடுக்கிறானா?"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இவ்வளவுதான்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய், பிடிகளை நிஜமாகவே செய்து பார்க்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். சோபாவை ஒதுக்கிவிட்டுத் தரையில் மெத்தையைப் போட்டோம். தாங்க முடியாவிட்டால் தரையைத் தட்ட வேண்டும், தட்டினால் உடனே விட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கையை முறுக்கினேன். தட்டினார், விட்டேன். பிறகு பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பிடித்தேன். தட்டினார்.

கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரிந்தால்தானே விதியை எழுத முடியும் என்று தோன்றியது. இன்னும் வேகமாகத் தட்டினார். பிறகு அவர் உடம்பு என் மேல் கனத்தது.

கண் விழித்ததும், "விட்டிருக்கலாமே, மாப்ள," என்றார். கோபமே இல்லை. நான் அவரிடமிருந்து கேட்ட கடைசி முழு வாக்கியம் அது. அக்கா கீழே வருவதற்குள் அவர் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கை தொங்கிவிட்டது.

கழுத்தில் ஏதாவது அடிபட்டதா என்று டாக்டர் கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மெத்தை தடுக்கி விழுந்தார் என்றேன். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருப்பதை அவர்கள் கண்டுபிடிக்க மறுநாள் ஆகிவிட்டது. முன்னமே தெரிந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னபோது, நான் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது அக்கா வேலைக்குப் போகிறாள். மாலையில் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். "நீ மட்டும் இல்லன்னா நான் என்னடா பண்ணியிருப்பேன்?" என்று சொல்லி முதலில் எனக்குத்தான் சாப்பாடு போடுகிறாள். தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

உங்களிடம் இருக்கும்போது ஒன்றிரண்டு சொற்கள் வருகின்றன, அடுத்த முறை வருவதற்குள் மறந்துவிடுகின்றனவே, வீட்டில் பயிற்சி நடக்கிறதா என்றுதான் நேற்று கேட்டீர்கள். தினமும் நடக்கிறது என்றேன். ஒரு நாள்கூட நடக்கவில்லை. நீங்கள் கொடுத்த பட அட்டைகளை அவர் இடது கையால் என் பக்கம் தள்ளுவார். எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிடுவேன். ஒரு தடவை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "மா... மா..." என்று எதையோ ஆரம்பித்தார். மாப்பிள்ளையோ, மாத்திரையோ, கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பேச்சு வந்தால் அவர் என்ன சொல்வாரோ என்ற பயம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் மனிதர் ரொம்பவே களைத்துப்போகிறார். பயிற்சி, பயிற்சி என்று அவரைப் படுத்த எனக்கு மனசு வரவில்லை. அதுதான் முக்கியமான காரணம்.