ஆனால், மழையில், ஒரே குடையின் கீழ்

—அந்தச் சிவப்புப் பென்சிலைக் கீழ வைங்க, கிளமென்ட். அது காதலர் தின வாழ்த்து அட்டை. அச்சுக்குப் போற பக்கமில்ல.

—என் மேசையில கிடந்துச்சு, ரோவினா. என் மேசைக்கு வர்ற காகிதத்தை நான் படிப்பேன். படிச்சா பென்சில் தானா நகருது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

—யார் அனுப்பினதுன்னு யோசிக்கவே மாட்டீங்களா?

—பேர் போடல. பேர் போடாம அனுப்புறதுதானே இந்த நாளோட வழக்கம். ஆள் தெரியாதப்போ வாக்கியத்தைத்தானே பார்க்க முடியும்.

—தெரியாமத்தான் கேக்கறேன். நார்விச் மாதிரி ஊர்ல, வயல்வழி நடக்கிறவங்களுக்கான வழிகாட்டிப் புத்தகத்தைத் திருத்திக்கிட்டு உக்காந்திருக்கிற ஐம்பது வயசு ஆம்பளைக்கு வருஷத்துக்கு எத்தனை காதல் அட்டை வரும்?

—வயசு நாப்பத்தொன்பது. அட்டை இதுதான் முதல்.

—அப்போ கொஞ்சம் சந்தோஷப்படுங்களேன் சாமி.

—பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பாருங்க, இந்த வாக்கியம்தான் விடமாட்டேங்குது. கேளுங்க. 'உங்களைத் தினமும் பார்க்கிறேன், ஆனால், செவ்வாய்க்கிழமை, மழையில், ஒரே குடையின் கீழ், ஆற்றுப் பாலத்தில், முதல் தடவையாகப் பார்த்தேன்.'

—நல்லாத்தானே இருக்கு.

—எங்க நல்லா இருக்கு? 'ஆனால்'னு ஒரு இணைப்புச்சொல் வந்துடுச்சு. அடுத்து என்ன நடந்துச்சோன்னு வாசிக்கிறவன் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இங்கிலீஷ்ல அந்த இடத்துல வினை சட்டுனு கண்ணுல படணும். இங்க என்னடான்னா கிழமை, மழை, குடை, பாலம்னு எப்போ, எங்கன்னு சொல்ற நாலு தொடர் வரிசைகட்டி நிக்குது. கதவைத் தட்டி, திறந்த பிறகு வந்த விஷயத்தைச் சொல்லாம, கால்மிதியில காலைத் துடைச்சுக்கிட்டே நிக்கிற மாதிரி.

—மழையில வந்தவ காலைத் துடைக்காம உள்ள வரலாமா?

—ஒரு தடவை துடைக்கலாம். நாலு தடவையா? அதுவும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காற்புள்ளி. எண்ணிட்டேன், மொத்தம் ஆறு.

—'ஆனால்'க்குப் பின்னாடி இப்படி ஒரு தொடர் வந்தா, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு போடத்தான் வேணும். ஏணிக்கு ஒரு பக்கம் மட்டும் மரம் வெச்சா ஏறுவீங்களா? ஒன்பது வருஷமா தொண்டைத்தண்ணி வத்த இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

—ஒன்பது வருஷமா நானும் அதை அழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். 'ஆனால்', 'மேலும்' இதுங்களுக்கு அப்புறம் காற்புள்ளி கிடையாதுங்கறது கம்பெனி விதி.

—அந்த விதியை எழுதினதே நீங்கதான்.

—யாராவது எழுதணுமே.

—அப்படித்தான் அந்தப் பாதிரியார் எழுதின ஓடை வழிப் புத்தகத்துலயும் கை வெச்சீங்க. 'வேலியைத் தாண்டுங்கள், மேலும், கோடையில் மட்டும், ஓடைக்குள் இறங்கி நடங்கள்'னு மனுஷன் ஒழுங்கா எழுதியிருந்தாரு. வினைக்குப் போக லேட்டாகுதுன்னு நடுவுல இருந்ததை வெட்டி எறிஞ்சீங்க. நவம்பர் மாசம் பதினோரு பென்ஷன்காரங்க வரிசையா ஓடைக்குள்ள இறங்கிட்டாங்க.

—யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. காய்ஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டாங்க.

—பதினோரு பேரும் தனித்தனியா கடுதாசி போட்டாங்க.

—அதுல மூணு கடுதாசி நல்லா எழுதப்பட்டிருந்துச்சு. அதை நான் மறுக்கல.

—உங்களைத் திருத்த அந்த ஆண்டவனாலயும் முடியாது. என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிற எடின்பரோக்காரங்க தேவலை. அவங்க ரெண்டு பக்கமும் காற்புள்ளி போடுவாங்க. அங்க போனா சண்டை சச்சரவில்லாம வாழலாம்.

—அவங்களுக்கு இன்னும் பதில் சொல்லலையா?

—அஞ்சு மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்லணும். இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க. முதன்மைப் பதிப்பாசிரியர் வேலை. ஜன்னலோரத்துல மேசை. ஜன்னல்ல பார்த்தா மலை தெரியுமாம்.

—நல்ல கம்பெனி. போனா முன்னுக்கு வரலாம்.

—அவ்வளவுதானா?

—ஸ்காட்லாந்துல குளிர் ஜாஸ்தி. அதையும் சொல்லணும்.

—அட போங்க. அட்டைக்கே வருவோம். குடைன்னு எழுதியிருக்கே, யாருன்னு ஒண்ணும் தோணலையா?

—செவ்வாய்க்கிழமை இந்த ஆபீஸ்ல எங்கிட்ட மட்டும்தான் குடை இருந்துச்சு. முதல்ல வரவேற்பறை டாஃப்னியைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். நிறுத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவளா இருக்குமோ?

—டாஃப்னிக்கு வர்ற மாசம் கல்யாணம். நம்ம ரெண்டு பேருக்கும் அழைப்பு வந்தாச்சு.

—அந்தக் குழப்பத்துல எழுதியிருக்கலாம். அதான் இத்தனை காற்புள்ளி.

—டாஃப்னி எழுதிவைக்கிற குறிப்புல முற்றுப்புள்ளிகூட இருக்காது. தெரிஞ்சுக்கிட்டே விளையாடறீங்க.

—அப்புறம் திரும்பி வந்து உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

—ஆமா, போனோம். பாலத்துல நிறுத்திவெச்சு அன்னங்களைக் காட்டினீங்க. எதுக்குச் சொல்றேன்னா, சும்மாத்தான் சொல்றேன். இருங்க, என்ன பண்றீங்க? வெட்டறீங்களா?

—சுருக்கறேன். 'உங்களைத் தினமும் பார்க்கிறேன், ஆனால் முதல் தடவையாகச் செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்.' பாருங்க, ஒரே மூச்சுல வந்துடுச்சு.

—மழை எங்க?

—வெட்டியாச்சு. நார்விச்ல பிப்ரவரியில மழை பெய்யும்னு வாசகனுக்குத் தெரியும்.

—குடை?

—மழையே இல்லாதப்போ குடை எதுக்கு?

—பாலம்?

—குடையும் இல்லாம பாலத்துல நின்னு என்ன பண்றது?

—நீங்கள்லாம் ஒரு மனுஷனா? ஒருத்தி மூணு நாள் யோசிச்சு, நாலு அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு, அஞ்சாவதுல இதை எழுதியிருப்பா. 'ஆனால்'னு எழுதினதுமே பேனாவைக் கீழ வெச்சுட்டு எழுந்து போயிருப்பா. நேரா சொல்ல வெக்கம். அதான் மழையைச் சொல்லி, குடையைச் சொல்லி, பாலத்தைச் சொல்லி, மென்னு முழுங்கி ஒருவழியா விஷயத்துக்கு வந்து சேர்ந்திருக்கா. அந்த வழி முழுக்க அவ மனசு கிடக்கு. நீங்க அதைத் துடைச்சு எறிஞ்சுட்டு ஒரே மூச்சுங்கறீங்க.

—அஞ்சாவது அட்டைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

—குத்துமதிப்பா சொன்னேன்.

—டீ ஊத்தட்டுமா? பிஸ்கட்டும் இருக்கு.

—ஒண்ணும் வேணாம். எனக்கு வருத்தமா இருக்கு, கிளமென்ட். வாய்விட்டே சொல்றேன். அவளாவது நாலு தொடரோட நிறுத்திக்கிட்டா. நீங்க அரை மணி நேரமா குளிர், டாஃப்னி, டீ, பிஸ்கட்டுன்னு சுத்தி வளைச்சு மூக்கைத் தொடறீங்க. இன்னும் மூக்கு வந்தபாடில்ல.

—மணி என்ன இப்போ?

—நாலு நாப்பது. இதோ, சுத்தி வளைக்க இன்னொண்ணு.

—எனக்குப் பயம், ரோவினா. அதான் உண்மை. அடுத்தவங்க எழுதினதைச் சரி பண்ணச் சொல்லுங்க, பண்ணுவேன். நானா ஒரு வாக்கியம் ஆரம்பிக்கணும்னா பென்சில் நகர மாட்டேங்குது. ஜன்னல், மலை, பெரிய வேலைன்னு ஒருத்தருக்கு வருது. இங்க என்ன இருக்கு? எதிர்க்க மொட்டைச் சுவரு. சூடே வராத ஒரு ஹீட்டர். சண்டை போட ஒரு ஆளு. இதைக் காட்டி ஒருத்தரை நிறுத்திவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?

—உரிமை இருக்கான்னு யாரும் கேக்கலையே. சரி, விடுங்க. புரிஞ்சுது. அந்தப் போனை இப்படித் தள்ளுங்க. வர்றேன்னு சொல்லிடறேன்.

—அதுக்கு முன்னாடி இதைப் பிடிங்க.

—அட்டையை எதுக்கு எங்கிட்டத் தர்றீங்க?

—பக்கத்து மேசைக்குத் தள்ளறேன். இதை நான் திருத்த முடியாது.

—இவ்வளவு நேரம் குத்திக் குதறிட்டு இப்போ முடியாதா? குடுங்க. இதென்ன, வெட்டினதுக்கெல்லாம் அடியில புள்ளி வெச்சிருக்கீங்க. மழைக்கு, குடைக்கு, பாலத்துக்கு.

—வெட்டினது செல்லாது, எழுதினபடியே இருக்கட்டும்னு அர்த்தம். ஒன்பது வருஷமா வேலை பார்க்கறீங்க, புள்ளி தெரியாதா?

—காற்புள்ளியெல்லாம்?

—ஆறும் இருக்கட்டும்.

—'ஆனால்'க்குப் பின்னாடி இருக்கே, அதுவுமா?

—அதுவும்தான்.

—உடம்புக்கு ஏதாவது பண்ணுதா உங்களுக்கு?

—அதெல்லாம் இல்ல. நானே எழுதின இன்னொரு விதி இருக்கு. வீட்டு மனுஷங்க எழுதினது வந்தா நாம அதுல கை வெக்கக்கூடாது, பக்கத்து மேசைக்குக் குடுத்துடணும்.

—இதை எழுதினவ உங்க வீட்டு மனுஷி இல்லையே, கிளமென்ட்.

—மணி நாலு அம்பதாச்சு, ரோவினா. எடின்பரோவுக்கு வரலைன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?