பிரேக் கைப்பிடியில் தொங்கிய செருப்பு

எனக்குக் காற்று என்றால் உயிர், ஐயா. வெயில் நேரத்தில் ஜன்னலைச் சாத்துகிறவர்களை நான் மனிதர்களில் சேர்ப்பதில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அந்த ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்.

எங்கள் நூற்றுப் பன்னிரண்டு வீடும் பங்கு போட்டுச் சொந்தமாக ஒரு காற்றாலை வைப்பது என்று பேச்சு வந்தபோது, முதலில் கை தூக்கியவன் நான். என் மேட்டு நிலத்தைச் சும்மாவே தருகிறேன் என்றேன். ஒரு வருஷம் கம்பம் நட்டுக் காற்றை அளந்தார்கள். இடத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் நான் உள்ளதைச் சொன்னேன். அந்த மேட்டுக் காற்று ஒருமுறை என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய், நாலு மைல் தள்ளி சைக்கிளில் போன தபால்காரர் மூக்கில் மாட்டிவிட்டது. அன்றிலிருந்துதான் அவர் கடிதங்களைச் சரியான வீட்டில் கொடுக்க ஆரம்பித்தார்.

என் மனைவியின் தம்பி எழுந்தான். காற்றாலைச் சங்கத்துக்கு மெக்கானிக், செயலாளர், செல்லப்பிள்ளை எல்லாம் அவன்தான்.

"மாமா மேட்டுல அளந்து பாத்தாச்சு. அங்க அடிக்கிறது காத்து இல்ல, கதை. கதையில விசிறி சுத்தாது மாமா, உக்காருங்க."

நூற்றுப் பதினொரு வீடும் சிரித்தது. அது எனக்குப் பெரிதில்லை. மிச்சமிருந்த ஒரு வீடு என்னுடையது. அங்கிருந்தும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காற்றாலை அவன் காட்டிய குன்றில் எழுந்தது. எனக்குப் பாவம் பார்த்து, அதன் அடியில் உள்ள அறையைப் பெருக்கிக் காவல் காக்கும் வேலை கொடுத்தார்கள். அவன் சிபாரிசுதான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

மேலே ஆள் ஏறினால், கீழே அறையில் யாரும் விசிறியை நிறுத்திப் பிடிக்கும் பிரேக்கை விடாதபடி கைப்பிடியில் பூட்டு மாட்ட வேண்டும். இயந்திரத்தோடு வந்த சிவப்புப் பூட்டின் சாவியை இரண்டாவது வாரமே தொலைத்துவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குச் சொந்தமான சாவி என்றால் அப்படித்தான். புதுப் பூட்டு பற்றி மூன்று கூட்டம் போட்டார்கள். அதுவரைக்கும், ஏறுகிறவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தன் செருப்பைக் கைப்பிடியில் தொங்கவிட வேண்டும் என்று ஏற்பாடு. செருப்புத் தொங்கினால் மேலே ஆள் இருக்கிறது. தொங்கவில்லையென்றால் விசிறியைச் சுற்ற விடலாம். பிரேக்கை விடும் அந்த வேலைக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை.

அன்று எங்கள் வீட்டு முறை. காலை பத்து மணிக்கு மைத்துனன் செருப்பைத் தொங்கவிட்டுவிட்டு, விசிறித் தண்டுக்குக் கிரீஸ் வைக்க ஏறினான்.

"செருப்பப் பாத்துக்குங்க மாமா. அதையும் காத்து தூக்கிட்டுப் போயி தபால்காரருக்கு மாட்டிறப் போகுது."

நானும் சிரித்தேன். நகைச்சுவை உள்ள பையன்.

செருப்பு தொங்கவேண்டிய பொருள் அல்ல என்பது என் அபிப்பிராயம். எடுத்தேன், தூசி தட்டினேன், வெளியே நின்ற அவன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு வந்து அறையைப் பெருக்கினேன்.

பதினொன்றுக்கு, வீட்டு முறைக்குப் பிரேக்கை விட மனைவி வந்தாள்.

"என்னங்க, ஸ்கூட்டர் நிக்குது. தம்பி எறங்கிட்டானா?"

"செருப்பு தொங்குதான்னு பாரு."

"இல்லீங்களே."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற? நான் சொன்னா கதைம்ப."

சிரித்துக்கொண்டே பிரேக்கை விட்டாள். கவனியுங்கள், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நல்ல காற்று அன்றைக்கு. மேலே ஒரு சத்தம் கேட்டது. தண்டு சட்டையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டால், இரண்டாவது சத்தம் போட ஆளுக்கு நேரம் இருக்காது.

செருப்பு ஸ்கூட்டர் பெட்டியில் கிடைத்ததும், அவனே மாட்ட மறந்துவிட்டான் என்று சங்கத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். அவன் எதையும் மறக்கிறவன் இல்லை. செத்தவன் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

என் மனைவி அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. தன் வலது கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். செருப்பை எடுத்தது நான், ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிரேக்கை விட்டது அவள். சொந்தத் தம்பியை, அண்ணாந்து ஒரு குரல் கூப்பிட்டுப் பார்க்காமல். இந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது அதை நான் அவளிடம் சொல்லிக்காட்டியிருப்பேனா, கேட்டுப் பாருங்கள்.