லண்டன் தட்டுக்குத் தைரியம் பத்தாது

ஹட்டனில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்பது, ஒருவரையொருவர் ‘சேர்’ போட்டு மரியாதையாகச் சண்டை பிடித்ததிலேயே தெரிந்தது. கம்பளித் தொப்பிக்காரர் ஓர் இசைத்தட்டைக் குடைக்காரரிடம் நீட்டினார்.

“இந்தாங்க, ஒங்க லண்டன் தட்டு. வயலின்காரங்களுக்குத் தைரியம் பத்தல சேர்.”

“என்னாது?”

“ரெண்டாவது பாகத்த மெதுவாத்தான் வாசிக்கணும். அதுக்காக இப்பிடியா, காதுலயே விழாம? இதே சிம்பொனி எங்கிட்ட ஜெர்மன் தட்டு இருக்கு. அதுல அவங்க மூச்சு விடுறதுகூட கேக்கும். ஒங்களுதுல ஆரம்பத்துலருந்தே இரைச்சல். மட்டமா அடிச்ச தட்டு.”

“நான் வருஷக்கணக்கா கேக்குறேன், இரைச்சல் இல்லியே.”

“ஒங்க காதுக்குப் பழகிருச்சு. சொன்னா கோவிச்சுக்காதீங்க.”

குடைக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் கேள்வி கேட்பவரைப்போல நிதானமாகக் கேட்டார்.

“ஜெர்மன் தட்ட எப்ப கேட்டீங்க?”

“மாசியில, நல்ல வெயில் காலத்துல.”

“இத?”

“போன வாரம் பூரா.”

“போன வாரம் பூரா அடமழை. ஒங்க வீட்டுக்கு என்னா கூரை சேர்?”

“தகரம்.”

“அப்ப நீங்க ஒரு வாரமா கேட்டது வயலின் இல்ல, தகரம்.”

றொசல்ல ஸ்டேஷன் வந்ததும் தொப்பிக்காரர் எழுந்து ஜன்னலை இழுத்து மூடினார். வெளியே மழை பிடித்திருந்தது. பிறகு திரும்பினார்.

“லண்டன்லயும் மழை பேயுதுதானே? அத நெனச்சாவது கொஞ்சம் சத்தமா வாசிச்சிருக்கலாம்ல?”